இரண்டாம் பிரதி இருந்த வீடு

“இன்னொண்ணு எங்க இருக்குதுங்க?”

அந்த அம்மாள் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் இது. எங்கள் டவுன்ஷிப்பை ஒட்டிய வடக்குத்துக் கிராமத்தில், மெயின் ரோட்டிலிருந்து சற்று உள்ளே தள்ளி, ஓர் ஒற்றை அறையில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்துகொண்டிருந்தார். கணவர் ஊர் ஊராகப் போய்ப் படம்பிடித்து வருவார்; இவர் உட்கார்ந்த இடத்தில் வெட்டி ஒட்டுவார். என் கல்யாண கேசட்டை டிவிடியாக மாற்றித் தரச் சொல்லி நீட்டினேன்.

“இது ஒண்ணுதாங்க” என்றேன்.

வாங்க நீட்டிய கையைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார்.

“அப்ப இதத் தொடவே பயமா இருக்குதுங்க சார். பழைய டேப்பு, மெஷின் இழுத்துகினு அறுத்துட்டா? எதுக்கும் வூட்ல ஒரு வார்த்த கேட்டுகினு வந்துடுங்க.”

பதினெட்டு வருடங்களாக அந்த கேசட்டை நாங்கள் ஒருமுறைகூடப் போட்டுப் பார்த்ததில்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை. வீட்டில் கேட்டேன். “போனாப் போகுது, குடுங்க. அதுல எங்க சித்தப்பா சண்டை போடறது மட்டும்தான் தெளிவா விழுந்திருக்கும்” என்றாள் மனைவி.

மூன்றாம் நாள் கேசட்டும் இரண்டு டிவிடிகளும் வந்தன. “ஒண்ண இங்க வெச்சிக்குங்க. இன்னொண்ண வேற யாரு வூட்லயாவது குடுத்து வெச்சிடுங்க. ரெண்டும் ஒரே கூரைக்குக் கீழ இருந்தா, அது ஒண்ணு இருக்கற கணக்குதான்” என்றார். இன்னொன்றை மாமியார் வீட்டில் கொடுத்து வைத்தோம். எனக்கெதிரான சாட்சியம் இவ்வாறாக இரண்டு மாவட்டங்களில் பாதுகாக்கப்பட்டது.

மாநிலமே மின்வெட்டில் வியர்த்துக்கொண்டிருந்த வருடங்கள் அவை. இரண்டாயிரத்துப் பன்னிரண்டு வாக்கில் என்று நினைவு. மின்சாரம் எங்கள் ஊர் நிலக்கரியில் பிறந்து, வடக்குத்தின் தலைக்குமேல் கம்பியில் ஓடி, எங்கோ போய்க்கொண்டிருந்தது. வடக்குத்துக்காரர்கள் வேண்டுமானால் அதை அண்ணாந்து பார்த்துக்கொள்ளலாம். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் இருந்த எங்களுக்குக் கரண்ட் போனால் அது செய்தி. அவர்களுக்கு வந்தால் செய்தி.

ஒரு காலை எட்டு மணிக்கு எங்கள் வாசலில் மொபெட் வந்து நின்றது. முன்னால் கால் வைக்கும் இடத்தில் பெரிய துண்டில் சுற்றிய ஒரு கம்ப்யூட்டர்ப் பெட்டி.

“சார், ஒரு ஒதவிங்க. எங்க வூட்டுக் கரண்ட நம்பி ஒரு பாட்டுகூட ரெண்டர் போட முடியலீங்க.”

வெட்டி ஒட்டிய ஆயிரம் துண்டுகளையும் கம்ப்யூட்டர் ஒரே படமாகச் சேர்த்து எழுதுவதற்கு ரெண்டர் என்று பெயர். அவருடைய பெட்டிக்கு ஒரு கல்யாணத்தை எழுத ஏழு மணி நேரம் ஆகும். ஆறே முக்கால் மணி நேரத்தில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து. மனைவி உடனே ஹாலில் ஒரு மூலையை ஒழித்துக் கொடுத்தாள். அன்றிலிருந்து வாரம் ஒரு நாளோ இரண்டு நாளோ முன்பின் தெரியாதவர்களின் திருமணங்கள் எங்கள் வீட்டில் வெந்துகொண்டிருந்தன.

அவர் உட்கார்ந்து பேசும்போது இடது கையின் இரண்டு விரல்கள் எதையாவது அழுத்திக்கொண்டே இருக்கும். மேசை, காபி டம்ளர், தன் முழங்கால், எதுவானாலும் சரி. தாளம் போடுகிறார், சங்கீத ஞானம் உள்ளவர் என்று நான் மனைவியிடம் சொல்லியிருந்தேன். பிறகு அவர் வேலை செய்வதைப் பார்த்தபோது புரிந்தது: கீபோர்டில் அதே இரண்டு விரல்களால் ‘சேவ்’ செய்கிறார். ஒரு துண்டு வெட்டினால் சேவ், ஒரு துண்டு ஒட்டினால் சேவ். டம்ளரைச் சேவ் செய்தபின்தான் காபியைக் குடிப்பார்.

சேவ் செய்த ஒவ்வொன்றுக்கும் எண் போடுவார். கல்யாணம் ஒன்று, கல்யாணம் இரண்டு, கல்யாணம் நாற்பத்து மூன்று. நான் பத்திரிகைகளுக்கு எழுதும் கட்டுரைகளுக்கு ‘ஃபைனல்’ என்று பெயர் வைப்பதைப் பார்த்துவிட்டு உண்மையாகவே பதறினார்.

“அப்பிடிப் பேரு வெக்காதீங்க சார். வெச்ச அன்னிக்கே எதனா வந்து நிக்கும். மாமனார் போட்டோவ மொதல்ல போடுங்கன்னு போன் வரும்.”

எனக்கும் அனுபவம் உண்டு. ‘ஃபைனல்’, ‘ஃபைனல் புதுசு’, ‘உண்மையான ஃபைனல்’ என்று மூன்று கோப்புகள் இருந்தன. ஆசிரியர் திருப்பி அனுப்பியது மூன்றாவதை.

இன்னொரு வழக்கம்: முழுவதையும் பார்க்காமல் ஒரு நொடியைக்கூட வெட்ட மாட்டார். ஒன்பது மணி நேரம் படம்பிடித்திருந்தால் ஒன்பது மணி நேரமும் பார்ப்பார். “வேணாம்னு எறியறதுலதான் சார் அந்த வூட்டுக்காரங்க தேடறது இருக்கும்” என்பார். முதலில் நாதஸ்வரத்தை அறுபடாத ஒரே சரடாக விரித்துவிட்டு, அதன்மேல்தான் படங்களை அடுக்குவார். “கண்ணு தாவலாங்க, காது தாவினா மனசுக்குத் தெரிஞ்சிடும்” என்பது அவருடைய தொழில் சூத்திரங்களில் ஒன்று. நான் அதை என் கட்டுரை ஒன்றில் என் பெயரில் பயன்படுத்தியிருக்கிறேன்.

இப்படிப் பார்த்துப் பார்த்து, ஒரு கல்யாணத்துக்கும் போகாமலே டவுன்ஷிப்பில் பாதிப் பேரை அவருக்குத் தெரியும். அவரை ஒருவருக்கும் தெரியாது. மெயின் பஜாரில் ஒருமுறை எங்களோடு நின்றுகொண்டிருந்தவர், கண்ணியமான ஒரு சீனியர் அதிகாரி கடந்து போனதும் மெல்லச் சொன்னார்: “இவரு பாயசம் மூணு தபா வாங்குவாருங்க. கேமரா தாண்டினப்பறம்தான் வாங்குவாரு.” அதன்பின் நான் எந்தப் பந்தியிலும் நிம்மதியாகச் சாப்பிட்டதில்லை.

பிரதி அழிந்துவிடுமோ என்ற அவருடைய பயம் எங்கிருந்து வந்தது என்று மனைவிதான் கேட்டாள்.

“எங்களுக்குத் தெரிஞ்ச ஒருத்தவங்கக்கா,” என்று ஆரம்பித்தார். இரண்டு விரல்களும் முழங்காலில் வேலை செய்துகொண்டிருந்தன. “கேமரா கார்டுல இருக்கறதக் காப்பி எடுத்தாச்சுன்னு நெனச்சிகினு, அந்தக் கார்ட அழிச்சிட்டாங்க. எடுக்கல. ஒரு கல்யாணமே போச்சு. அப்பறம் பொண்ணு மாப்பிள்ளைய மறுபடி அலங்காரம் பண்ணி, மேடை போட்டு, எல்லாம் திரும்ப எடுத்தாங்க. ரெண்டாவது தபா அந்தப் பொண்ணுக்கு ஒரே சிரிப்பு. அடக்கவே முடியல. வீடியோவப் பாத்துட்டு அவங்கம்மா கேட்டாங்க, எம்பொண்ணு அழுதாளே, அது எங்கன்னு.”

அந்தத் தெரிஞ்ச ஒருத்தவங்க யாரென்று மனைவியும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அவர் வைத்திருந்த ஏற்பாடு எளிமையானது. ஒவ்வொரு கல்யாணமும் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி. தனி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் இன்னொரு பிரதி. அந்த டிஸ்க் எங்கள் வீட்டுப் பீரோவில், மனைவியின் பட்டுப்புடவைகளுக்கு நடுவே இருக்கும். ரெண்டருக்காகக் கம்ப்யூட்டர் எங்கள் வீட்டுக்கு வரும் நாட்களில் மட்டும் டிஸ்க் எதிர் குவார்ட்டர்ஸ் டீச்சர் வீட்டுக்குப் போய்விடும். ஒரே கூரை கூடாது.

தை மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் டீச்சர் வீடு பூட்டியிருந்தது. சொந்த ஊரில் விசேஷம்.

“இன்னிக்கு வேணாம், நாளைக்கு வரட்டுமா?” என்று அவர் வாசலிலேயே நின்றார். ஆனால் நாளை கிடையாது. அந்த வாரத்து வேலை சாதாரண வேலையில்லை. காடாம்புலியூர்ப் பக்கத்துக் குடும்பம். கல்யாண நாள் குறித்தபின் பெண்ணின் தாய்க்கு உடம்பு முடியாமல் போய், முகூர்த்தத்தன்று அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இப்போது வீட்டில் இருக்கிறார். திங்கட்கிழமை ஆபரேஷனுக்குச் சென்னைக்குக் கூட்டிப்போகிறார்கள். அதற்குமுன் மகள் கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்த்துவிட வேண்டும் என்று ஒன்றே ஒன்று கேட்டிருந்தார். வெள்ளிக்கிழமைக்குள் முடித்து ஞாயிற்றுக்கிழமை கையில் கொடுத்தாக வேண்டும்.

“ஒரு நாள்தானேம்மா, நான் லீவுலதான் இருக்கேன், பார்த்துக்கறேன்” என்றேன்.

“நீங்க எதையும் பாத்துக்க வேணாம் சார். தொடாம இருந்தாப் போதும்.” சொல்லிவிட்டு, பள்ளிக்கூடத்தில் மகளுக்கு ஏதோ கையெழுத்து என்று மொபெட்டில் போய்விட்டார். மனைவியும் அலுவலகம் போய்விட்டாள்.

பத்தரை மணிக்கு ரெண்டர் நின்றது. திரையில் ஓர் அறிவிப்பு: டிஸ்கில் இடம் இல்லை. அவருடைய போனுக்கு அடித்தேன்; தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி அடித்தேன். திங்கட்கிழமை என் தலைக்குள் ஓட ஆரம்பித்தது.

என் உத்தியோகத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். இருபத்திரண்டு வருடங்களாக ஆவணப் பிரிவில் இருந்தேன். ஒரே எண்ணில் இரண்டு கோப்புகள் இருந்தால் ஒன்றை ஒழிப்பதுதான் எனக்குச் சம்பளம் தரப்பட்ட காரணம். கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தால் ‘ஏ’ என்று ஒரு ஃபோல்டர், ‘பி’ என்று ஒரு ஃபோல்டர். இரண்டிலும் அதே எண்கள். பூஜ்யம் ஒன்று, பூஜ்யம் இரண்டு என்று வரிசையாக எழுபது வரை. ஒரே சாமான் இரண்டு முறை! பாவம், பயத்தில் ஒரே டிஸ்கிலேயே இரண்டு முறை காப்பி எடுத்திருக்கிறார் என்று முடிவு கட்டினேன்.

இரண்டு கேமராக்கள் படம்பிடித்தன என்பதும், ஒவ்வொரு கேமராவும் தன் கணக்கை ஒன்றிலிருந்துதான் தொடங்கும் என்பதும், ஒன்றில் மேடையும் மற்றதில் சாப்பாட்டுக் கூடமும் இருந்தன என்பதும் எனக்குத் தெரியாது. திறந்து பார்த்திருக்கலாம். ஆவணப் பிரிவில் யாரும் கோப்பைத் திறந்து பார்ப்பதில்லை.

‘பி’யில் இருந்ததை எல்லாம் அள்ளி ‘ஏ’க்குள் போட்டேன். இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே, பழையதை எடுத்துவிடட்டுமா என்று கம்ப்யூட்டர் மரியாதையாகக் கேட்டது. எடு என்றேன். எல்லாவற்றையுமா என்றது. எல்லாவற்றையும்தான் என்றேன்.

இதோடு நின்றிருந்தால் நான் சாதாரண முட்டாள். அசலில் திருத்தம் செய்தால் நகலிலும் செய்ய வேண்டும் என்பது எங்கள் பிரிவின் பாலபாடம். பீரோவைத் திறந்து, புடவைகளுக்கு நடுவிலிருந்து டிஸ்கை எடுத்து, அதிலும் அதே திருத்தத்தைச் செய்தேன். இரண்டும் அச்சு அசலாக ஒத்துப்போயின. டிஸ்கிலும் நிறைய இடம் காலியானது. பிரதிகளைப் பற்றி இத்தனை காலம் கேட்ட உபதேசம் உள்ளே வேலை செய்ய, இதுவரை பத்திரிகைகளில் வந்த என் நகைச்சுவைக் கட்டுரைகளை எல்லாம், ஸ்கேன் செய்து வைத்திருந்த முழுத் தொகுப்பையும், அந்தக் காலி இடத்தில் நிரப்பினேன். பிறகு ரெண்டரைத் தட்டிவிட்டு இரண்டு தோசை சுட்டுச் சாப்பிட்டேன்.

மூன்று மணிக்கு அவர் வந்தார். திரை முன்னால் உட்கார்ந்து, வழக்கம்போல முதலில் முகூர்த்தத்துக்குப் போனார். கெட்டிமேளம் முழங்கியது. மாப்பிள்ளை இருக்க வேண்டிய இடத்தில், வழுக்கை விழுந்த ஒருவர் அப்பளத்தை நொறுக்கிச் சாதத்தில் போட்டுக்கொண்டிருந்தார்.

எடிட்டர் அம்மாள் நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துக்கொண்டார். முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தார். இலை, வாளி, இலை. நடுவே, கோப்பு காணாமல் போன இடங்களில், வெற்றுச் சிவப்புத் திரை. அந்த இரண்டு விரல்களும் மேசையின்மேல் அசையாமல் நின்றுவிட்டதை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

“நான்… இடம் இல்லன்னு வந்துச்சு…” என்று ஆரம்பித்தேன்.

“கார்டெல்லாம் அழிச்சாச்சுங்க சார். நேத்து வேற கல்யாணத்துக்கு அவரு எடுத்துகினு பூட்டாரு.” குரல் தாழ்ந்திருந்தது. “டிஸ்க்கு இருக்குது. டிஸ்கத் தொடலியே?”

அந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன நிமிடத்தை நான் இன்னும் எழுதிப் பார்த்ததில்லை. இப்போதும் எழுதப் போவதில்லை.

அவர் எழுந்து கம்ப்யூட்டரின் பிளக்கையே பிடுங்கினார். “இனிமே இதுல ஒரு எழுத்துகூட எழுதக்கூடாது சார். அழிச்சது ஒடனே போயிடாது. அது மேல வேற ஒண்ணு ஏறி ஒக்காந்தாத்தான் போவும்.” கம்ப்யூட்டரில் நான்கு மணி நேர ரெண்டர் ஏறி உட்கார்ந்திருந்தது, அங்கே நம்பிக்கையில்லை. டிஸ்கைத் தன் முந்தானையில் சுற்றிக்கொண்டார். அழிந்ததைத் தோண்டி எடுக்கும் மென்பொருள் ஒன்று, பண்ருட்டியில் தெரிந்த ஒருவரிடம் இருந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை முழுவதும் எங்கள் ஹாலில், என் கம்ப்யூட்டரில் அது ஓடியது. பெயர் போய் எண் போய், ஒவ்வொரு துண்டாக வந்தது. நலங்கு வந்தது. மாலை மாற்றுவது வந்தது. ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து, எண்ணி, வேறு டிஸ்கில் வைத்தார். நான் அலுவலகத்துக்குப் போகாமல் வாசலுக்கும் ஹாலுக்கும் நடந்தேன். மனைவி என்னிடம் பேசவில்லை. சாப்பாடு மட்டும் போட்டாள், அதுவும் சத்தமாக.

சனிக்கிழமை மதியத்தில் மூன்று துண்டுகள் தவிர எல்லாம் வந்துவிட்டன. வராத மூன்றில் ஒன்று தாலி. அந்த இடத்தில் என் முழுத் தொகுப்பு இருந்தது.

“சார், இத எதுக்குங்க இதுல வெச்சீங்க?”

“ரெண்டாவது பிரதி… பாதுகாப்புக்கு…”

“இத யாரு சார் வந்து அழிக்கப் போறாங்க?” என்றார். இலக்கிய விமர்சனமாகச் சொல்லவில்லை. எனக்கு வந்த விமர்சனங்களில் கவனமாகப் படித்துவிட்டுச் சொன்னவர்கள்கூட இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை.

 பிறகு, “பியில முப்பத்தொண்ணு” என்று எனக்கல்லாமல் தனக்கே சொல்லிக்கொண்டு, சாப்பாட்டுக் கூடத்துத் துண்டுகளைத் திறந்தார். அன்று மாலைவரை யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, “நீங்களும் வாங்க சார்” என்றார். அழைப்பா தண்டனையா என்று கேட்க முடியாத தொனி. போனேன்.

பெண்ணின் தாய் கட்டிலில் தலையணைகளைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். கணவர் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலைக்காரர், பெரிய மீசை. மூன்று மணிக்குக் கரண்ட் போகும், இப்போது இரண்டேகால். எடிட்டர் அம்மாள் டிவிடியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

“யக்கா, ஒண்ணு சொல்லிட்டுத்தான் போடுவேன். தாலி ஏறுற எடம் இதுல இல்ல. அழிஞ்சி போச்சு. என் தப்புதான். ரெண்டு காப்பியும் ஒரே வூட்ல இருக்க உட்டுட்டேன்.”

என்னைப் பார்க்கவில்லை. என் முறை வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. தொண்டையைக் கனைத்தேன்.

“சாருக்குத் தண்ணி குடும்மா” என்றார் மீசைக்காரர்.

தண்ணீர் வந்தது. குடித்தேன். அவ்வளவுதான் நான் செய்தது.

அந்தத் தாய் தலையணையிலிருந்து சற்று நிமிர்ந்தார். “அப்ப அதுல என்னாதான் இருக்குது?”

“அந்த நேரத்துல மண்டபம் எப்பிடி இருந்துச்சின்னு இருக்குதுக்கா.”

“போடு.”

நலங்கு, மாலை, பெண்ணின் பெரியப்பாவும் பெரியம்மாவும் பெற்றோர் இடத்தில் நின்று தாரை வார்ப்பது. பிறகு படம் சாப்பாட்டுக் கூடத்துக்குத் தாவியது. சுரங்கத்தில் மதிய ஷிஃப்டுக்குப் போகிறவர்களுக்காக முகூர்த்தத்துக்கு முன்பே பந்தி போட்டுவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அவசர அவசரமாகச் சாப்பிடுகிறார்கள். தூரத்தில் கெட்டிமேளம் கேட்கிறது. கேமரா வாசற்படிப் பக்கம் திரும்புகிறது. கதவுக்கு அப்பால் அட்சதை பறக்கிறது, கூட்டம் எழுந்து நிற்கிறது, மேடை தெரியவில்லை. கதவோரத்தில், கையில் சாம்பார் வாளியோடு, மீசைக்காரர். முகம் முழுக்க மண்டபத்தின் பக்கம் திரும்பியிருக்கிறது. கரண்டி மட்டும் தன்பாட்டுக்கு ஒருவர் இலையில் ஊற்றிக்கொண்டே இருக்கிறது. “போதும்ணே, யண்ணே, போதும்ணே” என்கிறார் இலைக்காரர். காதில் விழவில்லை. மேளம் ஓய்ந்ததும் தோளால் முகத்தைத் துடைத்துக்கொள்கிறார்.

கட்டிலில் இருந்தவர் மெதுவாகக் கணவர் பக்கம் திரும்பினார்.

“ஏய்யா, மேடையில பொண்ணு பக்கத்துலதான் நின்னுகினு இருந்தேன்னு ஆஸ்பத்திரியில வந்து சொன்ன?”

“ஷிஃப்டுக்குப் போறவங்களுக்கு நேரமாயிடுச்சி. ஊத்த ஆளில்ல…”

“ஊத்துன லட்சணத்தத்தான் பாக்கறனே. அந்தாளு எல ஏரி மாதிரி ரொம்பிப் போச்சு. அழுதியாய்யா நீ?”

“மொளகா நெடி.”

அந்தத் தாய்க்குச் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலியோடு சிரித்தார். சிரிப்பு எப்போது வேறாக மாறியது என்று தெரியவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “இன்னொரு தபா போடும்மா” என்றார்.

“தாலி இல்லியேன்னு…” என்று இழுத்தார் எடிட்டர்.

“தாலி அவ கழுத்துலயே இருக்குது, வரும்போது பாத்துக்கறேன். இது வேற எங்க இருக்குது?”

கரண்ட் போவதற்குள் நான்கு முறை பார்த்தார். மீசைக்காரர் இரண்டாவது முறையிலேயே எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

திரும்பும் வழியில் மொபெட்டை நிறுத்தி, அவர் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தபோது சொன்னேன்: “நான்தான் சொல்லியிருக்கணும்.”

“சொல்லியிருந்தா அந்தண்ணன் உங்களுக்குத் தண்ணி குடுத்திருக்க மாட்டாருங்க” என்றார்.

அந்தத் தாய் சென்னைக்குப் போனார். ஆபரேஷன் முடிந்து திரும்பியும் வந்தார். ஆனால் எடிட்டர் அம்மாள் இனி எங்கள் வீட்டுப் படியேற மாட்டார் என்றுதான் நான் நினைத்தேன். அடுத்த புதன்கிழமை காலை எட்டு மணிக்கு மொபெட் வந்து நின்றது. அதே துண்டு, அதே பெட்டி. ஹார்ட் டிஸ்க் பீரோவிலிருந்து டீச்சர் வீட்டுக்குப் போனது. ரெண்டரைத் தட்டிவிட்டார். மனைவியிடம் காபி வாங்கிக் குடித்தார். பிறகு கம்ப்யூட்டரின் பின்னால் குனிந்து, கீபோர்டையும் மவுஸையும் கழற்றி, ஒயர்களைச் சுற்றி, கட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“அது எதுக்குக்கா?” என்றாள் மனைவி.

“இங்க நெலக்கரித் தூசி ஜாஸ்திக்கா. பட்டன்ல பூந்துடும்” என்றார் அவர், என்னைப் பார்க்காமல்.

பையை மொபெட்டில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். அதன்பின் வந்த இரண்டு வருடங்களிலும் ஒருநாள்கூட அவற்றை எங்கள் வீட்டில் விட்டுச் சென்றதில்லை.